கூட்டும் போய் உறவும் போகலாமோ?



இந்த நூற்றிருபது ஆண்டுகளில் தமிழில் ஆக்கப்பெற்ற புதுச்சொற்களுள் 'கூட்டுறவு' என்பதைப் போலப் பொருள் நிறைந்த சொற்கள் மிகச் சிலவே. கூடுதல் ஒன்று, உறவாதல் ஒன்று. சந்தையிலும் பலர் கூடுவர். கூத்துப் பார்க்கவும் பலர் கூடுவர். கூடியவர் ஒருவர்க்கொருவர் பொறுப்பாதல் உறவில் மட்டுமே நிகழும். கொடுக்கல் வாங்கலுக்கான ஓர் அமைப்புக்கு உறவின் பெயரை இட்டு வழங்கியது நம் மொழி. அப்பெயரைத் தாங்கிய கதவொன்று எங்களூரில் சென்ற ஆண்டு சாத்தப்பட்டது. அதுபற்றியே இங்கு எழுதுகின்றேன்.

எங்களூர் பொருநைக் கரையில், கன்னடியன் கால்வாயின் நீர்ப்பாய்ச்சலில் உள்ள சிற்றூர். நெல்லும் வாழையும் விளையும். நிலமில்லாத வீடுகளில் பெண்டிர் பீடி சுற்றுவர். வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் கழகத்தின் கிளைக்கூடம் ஒன்று எங்கள் தெருமுனையில் இருந்தது. மக்கள் அதனைச் 'சங்கம்' என்பர். ஒரு நிலைப்பேழை, ஒரு நீண்ட பலகை, ஓர் எழுத்தர், அவ்வளவே. ஒருநாள் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. உறுப்பினர்கள் இனித் தலைமையகத்தை அணுகவேண்டும் என்று இரண்டு வரி. தலைமையகம் ஐந்து கல் தொலைவு. இரண்டு பேருந்து மாறவேண்டும். பீடி சுற்றும் பெண்ணுக்கு ஒருநாள் கூலி அதிலேயே போய்விடும்.

அன்று மாலை எழுபது அகவை கடந்த மூதாட்டி ஒருவர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். கையில் சேமிப்புச் சுவடி. முந்தானையில் முடிந்த நகைக்கடன் சீட்டு.

"ஏ வாத்தியாரய்யா, இதுல எவ்வளவு கெடக்குன்னு பாத்துச் சொல்லுங்க. அங்கன இருந்த தம்பி படிச்சுச் சொல்லும். இனி நான் எங்க போயிக் கேக்க?"

பேருந்துச் செலவைப் பற்றி அவர் கேட்கவில்லை. நடைத் தொலைவைப் பற்றியும் கேட்கவில்லை. தம் கணக்கைத் தமக்குப் படித்துச் சொல்ல இனி யார் என்றே கேட்டார். முப்பது ஆண்டு தமிழ் கற்பித்த எனக்கு அக்கேள்விக்கு உடனே விடை வாய்க்கவில்லை. வாசகர் பலர்க்கும் இந்நிலை நேர்ந்திருக்கலாம். இனி நேரவும் கூடும். ஆகவே அவ்விடையைத் தேடிப் பார்ப்போம்.

ஊரார் கையில் ஊர்ப்பணம் என்பது நமக்குப் புதிதன்று. அம்பாசமுத்திரத்தில் பொருநைக் கரைக் கோயிலில் வரகுணப் பாண்டியன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது, ஒன்பதாம் நூற்றாண்டினது. அரசன் 290 காசினை இளங்கோக்குடிச் சபையாரிடம் ஒப்படைத்தான். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 கலம் நெல்லாக 580 கலம் பொலிநெல்லைச் சபையார் கோயிலுக்கு அளக்கவேண்டும், முதலைத் தொடலாகாது. வட்டியை நம் கல்வெட்டுகள் 'பொலி' என்றும் 'பலிசை' என்றும் வழங்கின. பொலி என்பது களத்தில் தூற்றிக் குவித்த நெல். உழைப்பு விளைந்தாலன்றிப் பொலி இல்லை. முதலைக் காத்து விளைவைப் பகிர்ந்த அம்முறையில் பணம் ஊரிலேயே இருந்தது. கணக்கும் எல்லாரும் காணக் கல்லிலேயே இருந்தது.

இற்றைக் கூட்டுறவின் வித்து செருமனியிலிருந்து வந்தது. 1864இல் இரைபைசன் என்பார் எடெசுடோர்பு என்னும் ஊரில் உழவர்க்கான கடன் கழகம் ஒன்றைத் தொடங்கினார். அக்காலச் சென்னை மாகாணத்தில் அலுவல் பார்த்த பிரடரிக்கு நிக்கல்சன் ஐரோப்பிய நாடுகளில் அம்முறையை ஆய்ந்து 1895, 1897ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக அறிக்கை தந்தார். 1904இல் கூட்டுறவுக் கடன் கழகச் சட்டம் வந்தது. அவ்வாண்டே அற்றைச் செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் சிற்றூர்க் கடன் கழகம் பதிவாயிற்று. இரைபைசன் கண்ட நெறி எளியது. கழகத்தின் எல்லை ஓர் ஊரளவே இருத்தல் வேண்டும்; அவ்வளவில்தான் உறுப்பினர் ஒருவரையொருவர் அறிவர். எவன் உழைப்பாளி, எவன் குடியன், எவன் சொன்ன சொல் காப்பவன் என்பது ஊருக்குத் தெரியும். அவ்வறிவே ஈடு, அதுவே காப்பு.

அந்நெறி எங்ஙனம் தேய்ந்தது? 1960ஆம் ஆண்டையொட்டி இந்திய ஒன்றியத்தில் இரண்டு இலக்கத்துக்கு மேற்பட்ட தொடக்கக் கடன் கழகங்கள் இருந்தன. சிறியவை நலிந்தவை என்று சொல்லிப் பின்னர் ஒன்றோடொன்று இணைத்தனர். இருபது ஆண்டுக்குள் அவற்றின் தொகை பாதிக்கும் கீழாயிற்று. நலிந்ததைத் தாங்குவதற்காக இணைத்தல் தவறென்று யாம் சொல்லவில்லை. ஆனால், இணைக்குந்தோறும் ஓரூரின் பலகை கழற்றப்பட்டது. ஓரூரின் முகமறிந்த எழுத்தர் போனார்.

பெரிய வைப்பகங்களின் செய்தியும் இதுவே. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு 1977 முதல் நம் தென்மாவட்டங்களில் பணியாற்றியது பாண்டியன் கிராம வங்கி. 2019 ஏப்பிரல் முதல் நாள் அது பல்லவன் கிராம வங்கியோடு இணைக்கப்பெற்றுச் சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம வங்கியாயிற்று. பாண்டியன் பெயர் பலகையிலிருந்து மறைந்தது. 2017இல் திருவிதாங்கூர் வைப்பகம் பெருவைப்பகத்தில் கரைந்தது. 2020இல் சிண்டிகேட்டு, ஆந்திரா, கார்ப்பரேசன், அலகாபாத்து முதலியன பிறவற்றில் கரைந்தன. ஒரே தெருவில் இரு கிளை இருந்தால் ஒன்றுக்குப் பூட்டு. தொகுத்துப் பெரிதாக்குவோர்க்கு ஓட்டை ஒடிசல் கிளை ஒரு செலவுக் கணக்கு. நமக்கோ அது கால் நடையில் எட்டும் ஒரே இடம்.

இவற்றிடையே தில்லியின் கை நீள்வதையும் நாம் மறத்தலாகாது. கூட்டுறவுக் கழகங்கள் அரசியலமைப்பின்படி மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை. அவ்வாறிருந்தும் 2011இல் 97ஆம் திருத்தத்தின் வழியாக நடுவணரசு அதனுள் தலையிட்டது. மாநிலங்களின் ஒப்புதல் பெறாத அத்திருத்தத்தின் பகுதி மாநிலக் கூட்டுறவுக் கழகங்களைக் கட்டுப்படுத்தாது என்று உச்சநீதிமன்றம் 2021 சூலை 20இல் தீர்த்தது. அத்தீர்ப்புக்குச் சில நாள் முன்னர்தான் கூட்டுறவுக்கெனத் தில்லியில் ஒரு தனி அமைச்சகமே தோற்றுவிக்கப்பட்டிருந்தது. முன்வாயில் அடைபட்டால் பின்வாயில் நுழைவது ஆதிக்கத்தின் இயல்பு. நாம் விழித்திருத்தல் வேண்டும்.

கதவு சாத்தப்பட்டதும் அவ்விடத்துக்கு முதலில் வருபவன் யார்? கந்துவட்டிக்காரன். அவனுக்குப் படிவம் வேண்டா, பேருந்து வேண்டா, வாசலுக்கே வருவான், தமிழிலேயே பேசுவான். நூற்றுக்குத் திங்களுக்குப் பத்து என்று பத்தாயிரம் உருவா வாங்கியவர் ஓராண்டில் பன்னிரண்டாயிரம் வட்டியே கட்டியிருப்பார். முதல் பத்தாயிரமும் அப்படியே நிற்கும். கூட்டுறவுப் பயிர்க்கடனிலோ 2009 முதல் தவணை தவறாது கட்டிய உழவர்க்கு வட்டியே இல்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவே ஐந்து கல் பேருந்துப் பயணத்தின் உண்மை விலை.

2017 அக்தோபர் 23. நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகம். காசிதர்மத்தைச் சேர்ந்த கூலித் தொழிலாளி ஒருவரும் அவர் மனைவியும் இரு பெண் குழந்தைகளும் அங்கே தீக்கிரையாயினர். கந்துவட்டிக் கொடுமையே கரணியம். ஏற்கெனவே முறையிட்டும் பயனில்லை என்பது அன்று எழுந்த குற்றச்சாட்டு. கந்துவட்டியைத் தடுக்கும் சட்டம் 2003 முதலே நம் நாட்டில் உள்ளது. சட்டம் ஏட்டிலிருந்தது, கடன் தெருவிலிருந்தது. அவ்விரு பிஞ்சுகளை நினைக்குந்தோறும், குறைந்த வட்டிக்குக் கடன் தரும் ஒரு பலகை ஓரூரில் இருப்பதும் இல்லாமற் போவதும் உயிரைப் பற்றிய செய்தி என்பதை உணர்கின்றேன்.

இனி, கிளை மூடப்பட்ட உறுப்பினர்க்கு உள்ள வழிகளை ஒவ்வொன்றாக எடைபோடுவோம்.

முதலாவது அஞ்சலகம். 1882 முதல் சேமிப்பு வாங்கும் இடம். போட்ட பணம் முழுமைக்கும் அரசே பொறுப்பு. அஞ்சற்காரர் ஊரறிந்தவர். 2018இல் தொடங்கிய அஞ்சலகப் பணப் பட்டுவாடா வைப்பகத்தின் வழியாக அவர் வீட்டு வாசலிலேயே பணம் தரவும் வாங்கவும் இயலும். சேமிப்புக்கு இதனினும் நல்ல காப்பு வேறில்லை. குறை ஒன்றே: அது வாங்கும், தன்னிடம் போட்டுவைத்த பணத்தின்மேல் அன்றிக் கடன் கொடாது.

இரண்டாவது மாவட்ட நடுவண் கூட்டுறவு வைப்பகத்தின் கிளை. இங்கு ஓர் உண்மையை உறுப்பினர் அனைவரும் அறிதல் வேண்டும். வைப்பகத்தில் இட்ட தொகைக்கு, அது கூட்டுறவு வைப்பகமே ஆயினும், ஆளுக்கு ஐந்து இலக்கம் உருவா வரை காப்பீடு உண்டு. 2020 முதல் இவ்வளவு. தொடக்கக் கடன் கழகத்தில் இட்ட தொகைக்கு அக்காப்பீடு இல்லை. ஆகவே, வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் கழகத்தில் வைத்தல் அறிவுடைமை ஆகாது. பங்கும் சிறு சேமிப்பும் கழகத்தில் இருக்கட்டும். பெருந்தொகை காப்புள்ள இடத்தில் இருக்கட்டும்.

மூன்றாவது பெருவைப்பகங்களின் முகவர். கடைத்தெருவில் ஒரு சிறு கருவியுடன் இருப்பார். விரல்வரி வைத்தால் பணம் தருவார். வசதிதான். ஆனால், நாற்பது ஆண்டு இலையும் தூளும் உருட்டித் தேய்ந்த விரலில் வரி எங்கே இருக்கிறது? கருவி ஏற்காவிட்டால் அம்மூதாட்டி தம் பணத்துக்கே அயலாராகிவிடுவார். பெருவைப்பகக் கிளைக்கே சென்றாலும், இந்தியும் ஆங்கிலமுமே தாங்கிய தாளை நீட்டுகின்றனர் பலர். படிவங்கள் வட்டார மொழியிலும் இருத்தல் வேண்டும் என்பது ரிசர்வு வங்கியே வகுத்த விதி. "தமிழ்ப் படிவம் தருக" என்று கேட்பது இரப்பன்று, உரிமை. கேளாதவர்க்குக் கிடையாது; ஆகவே ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

நான்காவது மகளிர் தன்னுதவிக் குழு. தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் தொடங்கியது. இருபது பெண்டிர்க்கு உட்பட்ட குழு, கிழமைதோறும் சிறுதொகை, தமக்குள்ளே கடன், பின்பு வைப்பகக் கடன். இரைபைசன் சொன்ன ஊரறிவு இன்று உயிரோடு இருப்பது இங்கேதான். ஆனால், குழுவின் பெயரைச் சொல்லிக் கொண்டு நுண்கடன் நிறுவனங்கள் வருகின்றன. ஒரு கடனை அடைக்க மறு கடன் என்று நான்கு நிறுவனத்தில் சிக்கிய பெண்களை நம் ஊர்களில் காண்கிறோம். குழுவின் பணமும் நிறுவனத்தின் பணமும் வெவ்வேறு என்பதைத் தெளிதல் வேண்டும்.

ஐந்தாவது சீட்டு. 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யப்பெற்ற சீட்டாயின் சேரலாம்; பதிவெண் கேட்டுப் பார்த்த பின்னரே சேரலாம். கூடுதல் வட்டி தருவதாக நாவினிக்கப் பேசுவோர் பக்கம் தலைவைத்தும் படுத்தல் வேண்டா. பத்து உருவா வட்டி தருவேன் என்பவன் நம் நூறு உருவாவைக் குறிவைத்தே பேசுகிறான்.

இவ்வைந்தையும் அடுக்கிப் பார்த்தால் ஒன்று விளங்கும். பணத்தைப் போட்டுவைக்க மாற்று வழிகள் பல உள்ளன. முகமறிந்து, குறைந்த வட்டிக்குக் கடன் தரும் இடத்துக்கே மாற்றில்லை. நம் சேமிப்பைத் திரட்டி மும்பைக்கும் தில்லிக்கும் ஏற்றிவிட்டு, கடனுக்கு மட்டும் கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்பது, பொருநை நீரைத் தலைமடையிலேயே பிறர்க்குத் திறந்துவிட்டுக் கடைமடை வயலில் வானத்தைப் பார்ப்பதை ஒக்கும். மருதூர்க் கால் வெட்டிய நம் முன்னோர்க்கு இது தெரியும். நீர் வரும் வழி தூர்ந்தால் அவர்கள் ஊரை விட்டுப் போகவில்லை. மண்வெட்டியோடு ஊர்கூடித் தூரெடுத்தனர்.

ஆகவே, கிளை மூடப்பட்டதும் பங்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போவதே மிகத் தவறான வழி என்பது என் துணிபு. கிளைதான் மூடப்பட்டது, உறுப்பினர் உரிமை மூடப்படவில்லை. 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுக் கழகங்கள் சட்டம் நம் கையில் உள்ளது. போதிய உறுப்பினர் ஒப்பமிட்டுக் கேட்டால் சிறப்புப் பேரவை கூட்டியாகவேண்டும். அதன் 81ஆம் பிரிவு முறைகேட்டை உசாவ வழி தருகிறது. 87ஆம் பிரிவு இழப்பை அதற்குக் கரணியமானவரிடமே தண்ட வழி தருகிறது. இவ்வளவும் இருந்தும் நாம் செய்ததென்ன? சொல்லவே நாணமாக இருக்கிறது. எங்கள் கழகத்தின் பேரவைக்கு நான் இருபது ஆண்டில் இருமுறையே சென்றேன். கூட்டுறவுக் கழகத் தேர்தல் 2018இல் நடந்தது. தேர்ந்தோரின் ஐந்தாண்டுக் காலம் 2023இல் முடிந்து தனியலுவலர் கைக்கு ஆளுகை சென்றது. தேர்தல் நடந்தபோது கட்சிக்காரர் பங்கிட்டுக் கொண்டனர் என்று திண்ணையில் குறைபட்டோம், வாக்களிக்கப் போனோமா? வீட்டுக்காரன் உறங்கினால் திருடனை மட்டும் நொந்து பயனென்ன?

இம்மண்ணிலேயே அதற்கொரு கசப்பான பாடம் உண்டு. 1906இல் வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் நம்மவர் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். பங்கொன்றுக்கு 25 உருவா, 40,000 பங்கு, பத்து இலக்கம் முதல். அவர் 1908 மார்ச்சு 12இல் சிறைப்பட்டார். மறுநாள் நெல்லை கொதித்தெழுந்தது. தெருவில் எழுந்த நாம், பங்காளிகளாக நிலைத்து நின்றோமில்லை. 1911இல் நிறுவனம் கலைந்தது. எவனை எதிர்த்து வாங்கினாரோ அவனுக்கே கப்பல் விலைபோயிற்று. பகைவனின் வலிமை பாதி. பங்காளிகளின் கைவிடுகை பாதி.

நின்று காட்டியவரும் உளர். கனடாவின் கியூபெக்கு நாட்டில் ஆங்கிலக் கடலின் நடுவே பிரெஞ்சு மொழி பேசும் மக்கள் வாழ்கின்றனர். அங்கே இலெவி என்னும் ஊரில் அல்போன்சு தெசார்தான் என்பார் 1900 திசம்பரில் மக்கள் கடன் கழகம் ஒன்றைத் தொடங்கினார். தம் ஊர்ப் பணம், தம் மொழிக் கணக்கு, தம் மக்கட்குக் கடன் என்பதே நெறி. இன்று அது அந்நாட்டின் மாபெரும் பண அமைப்பு. அங்கும் அண்மை ஆண்டுகளில் சிற்றூர்க் கிளைகள் மூடப்பட்டுத்தான் வருகின்றன. மக்கள் உறுப்பினர் என்ற உரிமையோடு கேள்வி கேட்கின்றனர். மொழியுரிமை வேண்டும் மக்கள் பணவுரிமையை விட்டுவிடலாகாது என்பதற்கு அவர்களே சான்று.

எங்களூரில் நாங்கள் செய்ததைச் சொல்லி முடிக்கின்றேன். பெருஞ்செயல் ஒன்றுமில்லை. ஞாயிறுதோறும் மாலை பள்ளித் திண்ணையில் நான்கு பேர் அமர்கின்றோம். சேமிப்புச் சுவடிகளையும் நகைக்கடன் சீட்டுகளையும் படித்துத் தவணை நாளைத் தமிழில் எழுதித் தருகின்றோம். கணக்குக்கு உரியவர் மறைந்தால் பணம் யாரைச் சேரவேண்டும் என்ற குறிப்பு உளதா என்று பார்க்கின்றோம். நூற்றுக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்ட முறையீட்டைக் கழகத்துக்கும் துணைப் பதிவாளர்க்கும் அனுப்பினோம். நாள்தோறும் கிளை திறக்க ஆளில்லை என்றால் கிழமைக்கு இருநாள் எழுத்தர் வரட்டும் என்பதே எங்கள் கோரிக்கை. இப்போது செவ்வாய்தோறும் ஒருவர் வருகிறார். மற்றொரு நாளுக்காக இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

முதற் செவ்வாயன்று அம்மூதாட்டி பலகைமுன் முதல் ஆளாக நின்றார். எழுத்தர் தொகையைப் படித்தார். "இன்னொரு தரம் சொல்லுங்கய்யா" என்றார் மூதாட்டி. அவர் மீண்டும் படித்தார், உரக்க, தமிழில்.

தமிழன்பர்களே! மேடையில் தமிழைக் காப்பது எளிது. கணக்குச் சுவடியில் காப்பதே அரிது. உங்களூர்க் கழகத்தின் அடுத்த பேரவை எந்நாள் என்று இன்றே கேட்டறியுங்கள். அந்நாளில் அண்டை வீட்டாரையும் அழைத்துக்கொண்டு போய் அமருங்கள். கூடுவோம், உறவாவோம், நம் மடையை நாமே காப்போம்!